இடது பக்கம் போன பதினெட்டு கோல்

கண்ணாடி பாட்டில் ஆலையின் தரச் சோதனைப் பிரிவில் அவளுக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். உலையிலிருந்து வரிசையாக வரும் பாட்டில்களில் ஐந்நூறுக்கு ஒன்றை எடுத்து விளக்குக்கு எதிரே பிடிப்பாள். கழுத்தில் கீறல் இருக்கிறதா, அடியில் குமிழ் விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பழுது கண்டால் தாளில் ஒரு கோடு. நாலு கோடு சேர்ந்தால் ஐந்தாவதைக் குறுக்கே போடுவாள். ஆலையில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்ததல்ல. பள்ளிக் கடைசித் தேர்வில் கணக்கில் இருபத்தேழு என்று வந்தது. ஃபெயில். வீட்டில் எல்லாரும் விதி என்றார்கள். அவள் மட்டும் விடைத்தாளைத் திரும்பக் கூட்டச் சொல்லி மூன்று மாதம் அலைந்தாள். கடைசியில், மன்னிக்கவும், எழுபத்திரண்டு, எண்ணை மாற்றி எழுதிவிட்டோம் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குள் கல்லூரியில் இடம் கொடுத்து முடித்திருந்தார்கள். அவள் பாட்டில் ஆலைக்கு வந்தாள். அன்றிலிருந்து யார் எதைக் கூட்டிக் கொடுத்தாலும் அவள் திரும்பக் கூட்டாமல் விடுவதில்லை.

கல்யாணமும் கணக்குப் பார்த்துத்தான். ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் ஆறு பேர். பாட்டில் அடுக்குகளைத் தூக்கி லாரிக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. வருஷத்துக்கு நாற்பது ஐம்பது என்று மற்றவர்கள் உடைத்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் இரண்டே பாட்டில் உடைத்திருந்தான். உடைசல் பதிவேடு அவள் கையில்தான் இருந்தது. "அந்த ரெண்டும் யாரோ இடிச்சதால உடைஞ்சதாம், விசாரிச்சுட்டுத்தான் சரின்னு சொன்னேன்" என்று பிறகு தோழிகளிடம் சொல்வாள். அவன் ஆலையின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராகவும் இருந்தான். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அணியின் கோச் அவளுடைய சொந்த அண்ணன். உலைப் பிரிவில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தால், கை கழுவும் வரை ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. ஜெயித்தால் "பசங்களுக்கு மனசுல தெம்பு இருந்துச்சு" என்பான். தோற்றால் "மனசுல தெம்பு இல்ல" என்பான்.

ஒருநாள் அவள் சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இந்தத் தெம்பை நீ ஆட்டத்துக்கு முன்னாடி பார்த்திருக்கியா?"

"அதெப்படிப் பார்க்க முடியும்?"

"அப்ப முடிவைப் பார்த்துட்டுத்தான் தெம்பு இருந்துச்சா இல்லையான்னு சொல்ற. இதை நானே வீட்டுல உட்கார்ந்து சொல்லிடுவேனே."

கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தான். அண்ணனுக்குச் சுருக்கென்றது. "ரொம்பத் தெரிஞ்சவ மாதிரி பேசாத. வந்து பார்த்துட்டுச் சொல்லு" என்றான். அவள் அடுத்த வாரமே சோதனைத் தாள்களையும் இரண்டு பென்சில்களையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் இருபத்திரண்டு ஆட்டம். ஒன்றைக்கூட அவள் விடவில்லை. பாட்டிலைப் பார்ப்பது போலவே பந்தைப் பார்த்தாள். யார் யாரிடம் கொடுத்தான், எங்கே பறிகொடுத்தான், கோலை நோக்கி அடித்தது எந்தப் பக்கம் போனது, தடுத்தார்களா, நுழைந்ததா, எல்லாவற்றுக்கும் கோடு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கோல் விழும்போது எழுந்து குதிப்பார்கள். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள்.

வருஷ முடிவில் தாள்களைச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பினாள். பத்து ஆட்டத்தில் ஜெயித்திருந்தார்கள். எதனால்? ஊரே கொண்டாடிய முன்னணி ஆட்டக்காரனைக் காளை என்பார்கள். பதினாலு கோல் அடித்திருந்தான். ஆனால் அதில் ஒன்பது, ஏற்கெனவே வெற்றி உறுதியான பிறகு சோப்ளாங்கி அணிகள் மேல் அடித்தது. செத்த பாம்பை அடிப்பதில் என்ன வீரம் என்று அவளுக்குத் தோன்றியது. வேறொரு எண்தான் அவள் கண்ணைக் குத்தியது. தங்கள் பாதி மைதானத்திலேயே பந்தை எத்தனை தடவை பறிகொடுத்தார்கள் என்ற எண். பன்னிரண்டு தடவைக்குக் குறைவாகப் பறிகொடுத்த ஆட்டங்கள் பத்து. அதில் எட்டு வெற்றி. மற்ற பன்னிரண்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி.

அதிலும் உள்ளே புகுந்து பார்த்தபோது, பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டும் ஒருவன் தாள்களில் வந்து நின்றான். வாய் திறந்து பேசாதவன் என்பதால் அவனுக்கு மௌனி என்று பெயர். வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். ஓடிக் காட்டமாட்டான், கத்தமாட்டான், அதனால் அண்ணன் அவனைப் பாதி ஆட்டங்களுக்குமேல் பெஞ்சில் உட்காரவைத்தான். அவன் ஆடிய ஒன்பதில் ஏழு வெற்றி. ஆடாத பதின்மூன்றில் மூன்று.

அந்த எண்ணையும் அவள் உடனே நம்பிவிடவில்லை. ஒன்பது ஆட்டம் என்பது ஒரு கைப்பிடி. எதிரணி நோஞ்சானாக இருந்தபோது மட்டும் அவனை இறக்கியிருந்தால்? தேடிப் பார்த்தாள். ஒன்பதில் ஐந்து, பட்டியலில் மேலே இருந்த அணிகளோடு. அப்புறம்தான் அண்ணனிடம் சொன்னாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "மௌனியா? அவன் ஆடுறானா நிக்கிறானான்னே எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். எழுதி வச்சிருக்கேன்."

அண்ணன் சிரித்துக்கொண்டே போனான். ஆனால் அடுத்த வருஷம் முதல் ஆட்டத்திலிருந்தே மௌனி களத்தில் இருந்தான். யாரும் நீளமாக உதைத்துக் காளையைத் தேடக் கூடாது, பக்கத்தில் இருப்பவனுக்கே கொடு என்று உத்தரவு போட்டிருந்தான். அணி இரண்டாவது இடத்துக்கு வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் அண்ணன், "பல வருஷ அனுபவத்துல கண்டுபிடிச்சேன்" என்றான். அவள் நாலாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். கூடப் பிறந்தவனாயிற்றே.

மூன்றாவது வருஷம்தான் வினை வந்தது.

ஒன்பது ஆட்டம் வரை அணி முதல் இடத்தில் இருந்தது. அப்புறம் ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. காகித ஆலை அணியிடம் மூன்று கோல் வாங்கியது ஊர் முழுக்கப் பேச்சாயிற்று. அந்த வாரம் அண்ணன் சாப்பிட வரவில்லை. அவள் வேலை பார்க்கும் மேஜைக்கே வந்தான். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பந்தை யாரும் பறிகொடுக்கல. நீ சொன்னபடியேதான் ஆடுறாங்க. ஆனாலும் தோக்குறோம். உள்ளுக்குள்ள யாரோ விலை போயிட்டான்னு நினைக்கிறேன். காகித ஆலைக்காரங்க நல்ல ஆட்டக்காரனுக்குக் குடியிருப்போட வேலை தர்றாங்களாம். உன் தாளைப் பார்த்து யாருன்னு சொல்லு."

"தாள்ல துரோகம்னு ஒரு கட்டம் இல்லண்ணே."

"நீ பார்த்தா கண்டுபிடிச்சிடுவ."

அவள் பார்த்தாள். பந்து பறிபோன எண்ணிக்கை குறைவாகத்தான் இருந்தது. மௌனி எப்போதும்போல் ஆடினான். காளைகூட ஒழுங்காக ஆடினான். எதிரணிகள் கோலை நோக்கி அடித்த எண்ணிக்கையும் கூடவில்லை. அடித்ததில் உள்ளே நுழைந்தது மட்டும் கூடியிருந்தது. அப்படியானால் மிச்சம் ஒரே ஆள், கோலில் நிற்பவன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பு ஏற்கெனவே அணைந்திருந்தது.

அண்ணனிடம், "இன்னும் முடியல, பொறு" என்று மட்டும் சொன்னாள். பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. அது பொய்தானா என்றே அவளுக்குத் தெளிவில்லை.

அன்றிலிருந்து கட்டினவனை அவள் பாட்டிலைப் பார்ப்பது போல் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்கக் கீறல் தெரிந்தது. முன்பெல்லாம் காலையில் பேப்பரை முதல் ஆளாகப் பிரிப்பவன், இப்போது அவளை வாசிக்கச் சொல்லிவிட்டு டீ குடித்தான். எதிரில் வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் போகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரி குறைப்பட்டாள். வியாழக்கிழமை தோறும் ஓவர்டைம் என்று தாமதமாக வந்தான். வந்தவன் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. ஒரு வியாழன் மாலை அவள் வண்டிக் கொட்டகைக்குப் போய், பொறுப்பாளரிடம் சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டாள்.

"ஓவர்டைமா? ரெண்டு மாசமா யாருக்குமே கிடையாதே, தங்கச்சி" என்றார் அவர்.

போதாக்குறைக்கு, வீட்டுக்குப் போகும் வழியில் டீக்கடைக்காரர் வேறு ஒன்றைச் சொன்னார். போன வாரம் அவள் கணவனும் காகித ஆலை கோச்சும் கடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார்களாம். காகித ஆலைக்காரர் இவன் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தாராம்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றே சண்டை பிடித்திருப்பாள். இவள் பொத்தான் வாங்கப் போனாள். தையற்கடையில் கறுப்புப் பொத்தான் இருபத்து மூன்று, வெள்ளைப் பொத்தான் முப்பத்தெட்டு என்று எண்ணி வாங்கினாள். கடைக்காரர், "என்ன உடுப்பும்மா இது?" என்று கேட்டார்.

அவள் மனதில் இருந்தது இதுதான். அதுவரை நடந்த பதினைந்து ஆட்டத்தில் கோலை நோக்கி வந்த பந்து அறுபத்தொன்று. அதில் இருபத்து மூன்று கோல். கணவனுடைய இடது கைப் பக்கம் வந்தவை இருபத்தொன்பது, வலது கைப் பக்கம் முப்பத்திரண்டு. கிட்டத்தட்டச் சமம். ஆனால் கோலான இருபத்து மூன்றில் பதினெட்டு இடது பக்கம். வலது பக்கம் ஐந்துதான். இது தற்செயலாக வரக்கூடியதா? கறுப்பு என்றால் கோல், வெள்ளை என்றால் தடுத்தது. அறுபத்தொரு பொத்தானையும் துணிப்பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் இருபத்தொன்பதை எடுத்து, அதில் கறுப்பு எத்தனை என்று எண்ணினாள். பத்து. திரும்பப் போட்டுக் குலுக்கினாள். பன்னிரண்டு. கணவன் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் குலுக்கினாள். நூறு தடவை ஆயிற்று. பதினைந்து கறுப்பு இரண்டு முறை வந்தது. அதற்கு மேல் ஒருமுறைகூட வரவில்லை. பதினெட்டு பக்கத்தில்கூட இல்லை.

தற்செயல் இல்லை என்பது உறுதியாயிற்று. பழைய தாள்களைப் பிரித்தாள். போன வருஷம் பதினேழு கோல். இடது ஒன்பது, வலது எட்டு. ஆக, இது இந்த வருஷம் வந்தது.

அப்போதுதான் சின்னதாக ஒரு கேள்வி எழுந்தது. விலை போனவன் ஏன் இடது பக்கம் மட்டும் விடவேண்டும்? தோற்கவேண்டும் என்றால் எந்தப் பக்கம் வந்தாலும் விடலாமே. எல்லாம் ஒரே பக்கம் போனால் சீக்கிரம் மாட்டிக்கொள்வோம் என்று ஒரு முட்டாளுக்குக்கூடத் தெரியும். இவன் முட்டாள் இல்லை.

மறுநாள் ஆலையில் உடைசல் பதிவேட்டை எடுத்தாள். பல வருஷமாகக் கணவன் பெயருக்கு நேரே ஒன்று, இரண்டு என்று இருந்த கட்டத்தில் கடைசி நாலு மாதத்துக்கு மட்டும் பதினொன்று. அவளே பதிந்தது. கோடு போட்டது தன் கையாகவே இருந்தும் கண்ணில் படவில்லை. குறிப்புப் பகுதியில் "இடது முனை தூணில் இடித்தது" என்று அவள் கையெழுத்திலேயே மூன்று இடத்தில் இருந்தது.

அன்று மாலை கணவன் மேஜையில் சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் தண்ணீர் டம்ளரை வழக்கமான இடத்தில் வைக்காமல், அவனுடைய இடது முழங்கைக்குக் கொஞ்சம் தள்ளிச் சத்தமில்லாமல் வைத்தாள். அவன் கையை நீட்டினான். டம்ளர் தரையில் உருண்டது.

"எங்க வச்ச அதை?"

"உங்க பக்கத்துலதான்."

அவன் குனிந்து எடுக்கப் போனான். அவள் எழுந்து அவனுக்கு இடது புறமாகப் போய் நின்று, முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் கையை மெதுவாக ஆட்டினாள். அவன் கண் அசையவில்லை.

"எத்தனை விரல்?" என்றாள்.

அவன் சட்டென்று திரும்பினான். அவள் கையைப் பார்த்தான். பிறகு டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றான்.

"இப்பத்தான். வியாழக்கிழமை எங்க போறீங்க?"

"கண் ஆஸ்பத்திரிக்கு. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுட்டு இருக்காம். இடது கண்ணு ஓரமெல்லாம் போயிடுச்சு. போனது திரும்ப வராதாம். சொட்டு மருந்து விட்டா மிச்சம் நிக்குமாம்."

"காகித ஆலைக்காரர்கூட என்ன பேச்சு?"

அவன் நிமிர்ந்தான். "அதுவும் தெரியுமா? நாலு மாசமாவே அந்தப் பக்கம் சரியாத் தெரியல, என்னன்னு முதல்ல கண்டுபிடிச்சது அவர்தான். அவர் தம்பிக்கும் இதே வியாதி. ஆட்டம் முடிஞ்சதும் வந்து, 'உனக்கு அந்தப் பக்கம் தெரியல, போய்க் காட்டு'ன்னு சொன்னார். டாக்டர் பேரும் அவர்தான் கொடுத்தார்."

"ஆட்டம் முடிஞ்சப்புறம் சொன்னாரா? மூணு கோல் அடிச்சப்புறமா?"

"ஆமா."

"நல்ல மனுஷன்தான்" என்றாள். அந்த மனிதரைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதிலும் பாதிதான் நல்லது.

கணவன் மேஜை ஓரத்தில் கிடந்த துணிப்பையை அப்போதுதான் கவனித்தான். பக்கத்தில் தாள். அதில் பெரிதாக அவனுடைய ஜெர்சி எண், கீழே இடது, வலது, கறுப்பு, வெள்ளை, நூறு வரிசை. தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து வாசித்தான்.

"என்னையும் சந்தேகப்பட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் அந்த மாலை முடிந்திருக்கும்.

"ஆமா. மூணு வாரம்" என்றாள். "ஆனா நீங்களும் நாலு மாசம் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சீங்க."

"வண்டி ஓட்ட விடமாட்டாங்க. கோல்லயும் நிக்க முடியாது. அது ரெண்டும் போனா நான் யாரு?"

அவள் துணி எடுத்து வந்தாள். தரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "நாளையிலிருந்து வண்டியைத் தொடக் கூடாது" என்றாள்.

"சீசன் முடியட்டும்."

"ஆட்டத்துல இடது பக்கம் பந்து வரும். கொட்டகைல இடது பக்கம் ஆளு வருவாங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள நீங்க மேனேஜர்கிட்டச் சொல்லலைன்னா, நான் சொல்லிடுவேன்."

அவன் போய்ச் சொன்னான். ஆனால் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் அவள் டம்ளரை வலது பக்கம் வைத்தாள்.

அண்ணனுக்குத் தாளைக் காட்டி விளக்கியபோது, அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம்.

"அப்ப துரோகம் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"டீக்கடைல பேசினது?"

"அது கண் டாக்டரைப் பத்தி."

அண்ணன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். பிறகுதான் உண்மையான வருத்தம் வந்து உறைத்தது போலிருந்தது. "மாப்பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ தெம்பு இல்லன்னு சொல்லியிருப்ப" என்றாள் தங்கை.

மிச்சம் இருந்த ஏழு ஆட்டத்துக்கு, லாரி ஏற்றும் பிரிவில் இருந்த ஒரு நெட்டையன் கோலில் நின்றான். அவன் இரண்டு பக்கமும் சமமாக விட்டான். அணி நாலாவதாக முடித்தது. கணவனுக்குச் சேமிப்புக் கிடங்கில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். ஒருநாள் சாயங்காலம் அவன் தானாகவே நெட்டையனைக் கூப்பிட்டு, எதிராளி அடிப்பதற்கு முன் பந்தைப் பார்க்காதே, ஊன்றுகிற காலைப் பார் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை. நெட்டையனுக்கு அடுத்த வருஷம் கோல் விழுவது குறைந்தது. அது சொல்லிக்கொடுத்ததால்தானா என்று சொல்ல ஒரு வருஷம் போதாது என்று அவள் கறாராகச் சொன்னாள். கணவன் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னொரு வருஷம் எண்ணு" என்றான்.

இப்போது வியாழக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். டாக்டர் கண்ணின் அழுத்தத்தை அளந்து ஒரு எண் சொல்வார். அவள் தேதியோடு குறித்துக்கொள்வாள். போன மாதம் எண் நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டரே மகிழ்ந்து, "கவலைப்படாதீங்க, மருந்து நல்லா வேலை செய்யுது" என்றார். கணவன் ஆறுதலாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அவள் தாளைப் பார்த்தாள், மேஜையில் இருந்த கருவியைப் பார்த்தாள், கடைசியாக டாக்டரைப் பார்த்தாள்.

"சந்தோஷம் டாக்டர். இன்னொரு தடவை அளந்துடுங்க" என்றாள்.